பூக்க விட்ட புல்லுக்கு யார் கூலி கொடுப்பது?



மார்கழி விடுமுறைக்குக் கல்முனைக்கு வந்திருக்கிறேன். பசறையில் பஸ் ஏறி, லுணுகலை, பிபிலை, அம்பாறை என்று இறங்கி வந்தால், மலையில் பெய்துகொண்டிருந்த அதே மழை இங்கேயும் பெய்கிறது. ஊவா மலைக்கும் எங்கள் கரையோரத்துக்கும் இந்த வாடைக்காற்று மழைதான் பெரிய மழை. மலையில் தேயிலைக்கு இடையில் புல்லை எழுப்புவதும், இங்கே வயலில் நெல்லோடு சேர்த்துக் களையை எழுப்புவதும் இதே மழைதான்.

வந்த மறுநாள் காலையில் வாப்பாவோடு வட்டைக்குப் போனேன். விதைத்து ஒரு மாதம் தாண்டிய வேளாண்மை. வாப்பா வரம்பில் நடந்துகொண்டே குனிந்து குனிந்து எதையோ பிடுங்கி மடியில் போட்டார். பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை, எல்லாம் நெல். அவர் கையில் இருந்தது நெற்சப்பி.

“இது கதிர் வெச்சிட்டா, அடுத்த போகத்துக்கும் வேல நமக்குத்தான் மகன்” என்றார்.

அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத உட்கார வைத்தது. ஏனென்றால் அதற்கு இரண்டு கிழமைக்கு முன், நான் படிப்பிக்கும் தோட்டத்தில் இதே விசயம் வேறு மாதிரி நடந்தது. பல மாதம் புல்லு வெட்டாமல் விட்டிருந்த ஒரு மலையை, திடீரென்று ஒரு நாள் பெரட்டில் பெண்களுக்குக் கொடுத்தார்கள். புல் இடுப்புக்கு மேலே. பூத்து, காய்த்து, விதை கொட்டி முடிந்த புல். உள்ளே குளவிக்கூடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. மூன்று பேருக்குக் கொட்டியது. சொன்ன அளவு முடியவில்லை என்று மிச்சப் பேருக்கு அரைப்பேர் போட்டார்கள். கொட்டு வாங்கிய ஒரு அக்கா, பிள்ளையைக் கூட்டிப் போகப் பாடசாலைக்கு வந்தபோது வீங்கிய முகத்தோடு சொன்னார்: “சேர், அந்தப் புல்ல நாங்களா வளத்தோம்?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் வேண்டுமென்றால், முதலில் புல்லின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளப் பேச்சுக்கும் புல்லின் கதைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

களைகளில் இரண்டு பெரிய சாதி உண்டு. ஒன்று, கிழங்கிலும் அடித்தண்டிலும் உயிரை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்வது. கோரை, இலுக்கு, மானாப்புல் எல்லாம் இந்த ரகம். மேலே வெட்டினால் கீழேயிருந்து திரும்ப வரும். மற்றது ஓராண்டுக் களை. விதையில் பிறந்து, வளர்ந்து, பூத்து, விதைத்து, ஒரு வருடத்துக்குள் செத்துப்போவது. குப்பைமேனி, கீழாநெல்லி, தும்பை, முள்ளுக்கீரை, நெருஞ்சி, வயலில் நெற்சப்பி எல்லாம் இதில் சேரும். தேயிலை மலையில் இளநீலமும் வெள்ளையுமாகக் குஞ்சம் குஞ்சமாகப் பூக்கும் வாடைப் பூண்டும், படங்கிலும் சேலையிலும் ஊசி ஊசியாகக் குத்தி ஒட்டிக்கொண்டு லயம் வரைக்கும் கூடவே வரும் ஒட்டுப்புல்லும் இந்தச் சாதிதான்.

ஓராண்டுக் களை என்றால் வருடம் முழுக்க நிற்கும் என்று அர்த்தம் இல்லை. அந்தக் குஞ்சப்பூப் பூண்டு முளைத்து இரண்டு மாதத்துக்குள்ளேயே பூத்துவிடும். ஒட்டுப்புல் ஒரே வருடத்தில் மூன்று தலைமுறை கூடப் பார்த்துவிடும். அதனுடைய பாட்டியும் பேத்தியும் ஒரே வருடத்துப் பிள்ளைகள்.

இந்தச் செடிக்குக் கிழங்கு இல்லை, சேமிப்பு இல்லை. அதனிடம் இருக்கிற ஒரே சொத்து விதைதான். அதனால் உடம்பை வளர்ப்பதை விட விதையை உண்டாக்குவதில்தான் அதற்கு அவசரம். ஒரு ஒட்டுப்புல் ஆயிரக்கணக்கில் விதை போடும். நன்றாக வளர்ந்த ஒரு முள்ளுக்கீரை ஒரு லட்சத்துக்கு மேலும் போடும். வெயில் காலம் வந்தால் செடி கருகிவிடும். “புல்லு செத்துப்போச்சு” என்று நாம் நினைக்கிறோம். சாகவில்லை தோழர்களே, மண்ணுக்குள் போய்ப் படுத்திருக்கிறது.

எவ்வளவு காலம் படுத்திருக்கும்? அமெரிக்காவில் மிச்சிகன் என்ற மாநிலத்தில் வில்லியம் பீல் என்ற பேராசிரியர் 1879 இல் இருபது போத்தல்களில் மணலோடு களை விதைகளைக் கலந்து மண்ணில் புதைத்தார். சில வருடத்துக்கு ஒரு போத்தல் என்று எடுத்து முளைக்கப் போட்டுப் பார்ப்பது ஏற்பாடு. அவர் இறந்த பிறகு மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். 2021 இல் ஒரு போத்தலைத் தோண்டி எடுத்தார்கள். 140 வருடத்துக்கு மேல் மண்ணில் கிடந்த விதைகளில் சில அப்போதும் முளைத்தன. எல்லா விதையும் இப்படி இல்லை. நிறைய விதை சில வருடத்தில் செத்துப்போகும், எறும்பும் பூச்சியும் தின்றுவிடும். ஆனாலும் கொஞ்சம் எப்போதும் மிஞ்சும்.

எங்கள் பாடசாலையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்து பார்த்தோம். தேயிலை நிரைக்கு நடுவில் ஒரு புல்லும் இல்லாத இடத்தில் மேல்மண்ணை ஒரு சோற்றுத் தட்டில் அள்ளி, வெளிச்சத்தில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்தோம். இரண்டாவது கிழமை தட்டு பச்சையாகிவிட்டது. பிள்ளைகள் எண்ணத் தொடங்கி, பாதியில் சண்டை வந்து, எண்ணுவதை விட்டுவிட்டார்கள். “வெறும் மண்” என்று எதுவும் இல்லை என்று அன்றைக்கு அவர்கள் படித்துக்கொண்டார்கள். நீங்களும் லயத்து வாசலில் செய்து பார்க்கலாம்.

இன்னொரு விசயம். இந்த விதைகளில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. ஆழத்திலிருந்து முளைத்து மேலே வர அவற்றுக்குள் சாப்பாடு போதாது. அதனால் பல வகை வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் ஏன் திடீரென்று புல் கிளம்புகிறது? மேலே மூடியிருந்த தேயிலை போனதும் மண்ணில் வெளிச்சம் விழுகிறது. சுரண்டியால் சுரண்டிய இடத்தில் ஏன் மறுபடி மறுபடி முளைக்கிறது? மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளும்போது அடியில் படுத்திருந்த விதை மேலே வருகிறது. அதோடு மழை வந்தால் நல்ல மண்ணும் ஆற்றோடு போகிறது. நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்து சுரண்டியால் சுரண்டித் தேயிலை வேரே வெளியே தெரிகிற மலைகள் எத்தனை! சுரண்ட வேண்டாம், கையால் பிடுங்குங்கள் என்று தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் கொந்தரப்புக்கு விடும்போது, வேகமாகச் சுரண்டுகிறவருக்குத்தான் காசு.

இப்போது வாப்பா சொன்னதற்கு வருவோம். ஓராண்டுக் களைக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. விதை போடும் முன்னால் எடுத்துவிட்டால் அதன் கதை அத்தோடு முடிந்தது. முளைத்து மூன்று, நான்கு கிழமையில் இரண்டு விரலால் கிள்ளி எடுக்கலாம். இரண்டு மாதம் விட்டால் பூ. அதற்கு மேல் விட்டால், இன்றைக்கு ஒரு செடி எடுக்காமல் விட்டவர் வருகிற வருடங்களுக்கு ஆயிரம் செடியை மண்ணில் வைப்புச் செய்கிறார். வங்கியில் போட்ட காசு போல. வட்டி மட்டும் நம் முதுகிலிருந்து போகிறது. பூத்த பிறகு பிடுங்கி நிரையிலேயே போட்டாலும் சில வகை, கிடந்த கிடையிலேயே விதையை முற்ற வைத்துவிடும். அதனால் பூத்ததைப் பிடுங்கினால் அங்கேயே விட்டுவிடவும் கூடாது.

கொழுந்துக்கு ரவுண்ட் இருப்பது நமக்குத் தெரியும். ஏழெட்டு நாளில் மலைக்குத் திரும்பி வராவிட்டால் கொழுந்து முற்றிவிடும் என்று துரையும் கங்காணியும் நாளை எண்ணிக்கொண்டு நிற்பார்கள். ஒரு நாள் தள்ளினால் சத்தம். ஆனால் புல்லுக்கும் ரவுண்ட் உண்டு. பூக்கும் முன் திரும்பி வராவிட்டால் அதுவும் முற்றிவிடும். அந்த நாளை மட்டும் யாரும் எண்ணுவதில்லை. ஏன்? கொழுந்து தள்ளினால் நட்டம் இந்த மாதமே கணக்கில் தெரியும். புல்லு வெட்டுத் தள்ளினால் இந்த மாதக் கணக்கில் அது மிச்சம். நட்டம் வருகிறது அடுத்த வருடம். அதுவும் கணக்குப் புத்தகத்தில் வருவதில்லை. அட்டைக் கடியாக, குளவிக் கொட்டாக, பாம்பாக, அரைப்பேராக நம் பக்கத்துக்கு வருகிறது.

“சம்பளம் கூடிவிட்டது, புல்லுக்குப் பேர் கொடுக்க முடியாது, மருந்தடித்தால் மலிவு” என்று சொல்வார்கள். இதையும் நிதானமாகப் பார்ப்போம்.

மருந்து என்று இங்கே அதிகம் சொல்லப்படுவது கிளைபோசேட். அது வெளியே நிற்கும் பச்சைச் செடியைக் கொல்லும். மண்ணுக்குள் படுத்திருக்கும் விதையைத் தொடாது. ஆகவே பூத்து விதை கொட்டிய மலைக்கு மருந்தடித்தால், அடுத்த மழைக்குத் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கடுத்த மழைக்கும் அடிக்க வேண்டும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், அதற்குச் சாகாத ஒன்றிரண்டு செடி மிஞ்சி, அவை போட்ட விதையே மலை முழுக்க நிறையும். இது பயமுறுத்தல் இல்லை. அவுஸ்திரேலியாவில் 1996 இல் ஒரு புல் கிளைபோசேட்டுக்குச் சாகாமல் நிற்பது பதிவானது. அடுத்த வருடம் மலேசியாவில், நம் குரக்கனுக்குச் சொந்தக்காரப் புல் ஒன்று அப்படி நின்றது. வருடத்துக்குப் பல தலைமுறை பார்க்கிற களைக்கு இப்படி மாறிக்கொள்ள அதிக காலம் பிடிப்பதில்லை.

நான் மருந்தே கூடாது என்று சொல்லவில்லை. நம் நாட்டில் அந்தக் கதையும் நமக்குத் தெரியும். 2015 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, கிளைபோசேட்டை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற வகையில் சேர்த்தது. அதே வருடக் கடைசியில் ஐரோப்பாவின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு அதற்கு மாறாகச் சொன்னது. நம் அரசாங்கம், வரண்ட பிரதேச விவசாயிகளின் சிறுநீரக நோயைக் காரணம் காட்டி, 2015 இலேயே அதைத் தடை செய்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. 2021 மே மாதம் இரசாயனப் பசளையோடு சேர்த்து எல்லா மருந்தையும் இறக்குமதி செய்வதை நிறுத்தியது. அந்த வருடம் முடியும் முன்பே அதைக் கைவிட்டது. 2022 இல் கிளைபோசேட்டுக்கு மறுபடி அனுமதி கொடுத்தது.

கொழும்பில் தடை போட்ட அன்றும் புல்லு வெட்டுகிற ஒரு பெண்ணிடம் கேட்கவில்லை, தடை எடுத்த அன்றும் கேட்கவில்லை. தடை வந்தபோது மலை காடானது. காட்டுக்குள் போனவர்கள் நாம். தடை போனபோது டேங்கைத் தூக்கி முதுகில் மாட்டியவர்களும் நாம். கையுறை, சப்பாத்து, முகமூடி இல்லாமல், காற்றுக்கு எதிராக, சோற்றுப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மருந்தடிக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மருந்து நல்லதா கெட்டதா என்று படித்தவர்கள் வாதாடட்டும். முதுகில் சுமக்கிறவருக்குச் சப்பாத்தும் கையுறையும் வேண்டும் என்பதில் வாதத்துக்கு இடமே இல்லை.

இப்போது எங்கள் ஊரைப் பாருங்கள். வயலிலும் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் நாற்று நடுவது குறைவு, விதைத்துத்தான் செய்கிறோம். அதனால் நெல்லும் நெற்சப்பியும் ஒரே நாளில் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒன்றாக வளரும். இலை தண்டைச் சந்திக்கிற இடத்தைப் பிரித்துப் பார்த்தால் நெல்லுக்கு மெல்லிய வெள்ளை நாக்கு ஒன்று இருக்கும், நெற்சப்பிக்கு இருக்காது. வாப்பா அதைப் பார்ப்பதே இல்லை, கை பட்டாலே அவருக்குத் தெரியும். அதைவிடப் பெரிய தலையிடி பன்றிநெல். 1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தக் களை, நெல்லுக்குள் நெல்லாகவே நின்று, அறுவடைக்கு முன்பே மணியை மண்ணில் உதிர்த்துவிடும். அது நெல்லின் சொந்த இரத்தம் என்பதால், நெல்லைக் கெடுக்காமல் அதை மட்டும் கொல்லுகிற மருந்து கிடைப்பது கஷ்டம். விதைநெல்லோடும் அறுவடை மெஷினோடும் ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குப் போய்விடும். மருந்தை நம்பிக் கையை மறந்த பிறகுதான் இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. களை பிடுங்கக் கூலிக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெண்களின் நிலையும் உங்கள் நிலைக்குத் தூரம் இல்லை.

ஆனால் ஒரு விசயம் இங்கே இருக்கிறது, மலையில் இல்லை. அதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் இங்கே ஆரம்பக் கூட்டம் நடக்கும. இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் எப்போது திறப்பது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது என்று அதிகாரிகளும் விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்து திகதி குறிப்பார்கள். சண்டையும் வரும், சத்தமும் வரும். ஆனால் திகதி எழுத்தில் இருக்கும். தண்ணீர் பிந்தினால், “இன்ன திகதி என்று சொன்னீர்களே” என்று வாப்பா போய்க் கேட்கலாம். வயலில் தண்ணீர் நின்றால் நெற்சப்பி முளைப்பது குறையும் என்பதால், தண்ணீர்த் திகதியே களைத் திகதியும் ஆகிவிடுகிறது.

தோட்டத்தில் அப்படி ஒரு கூட்டம் உண்டா? புல்லு வெட்டு எப்போது என்று பெரட்டில் காலையில்தான் தெரியும். திகதி இல்லாத இடத்தில் பிந்தியதற்குப் பொறுப்பும் இல்லை.

ஆகவே என் கருத்து இது. புல்லு வெட்டை நாம் சில்லறை வேலையாக நினைப்பதை முதலில் நாமே நிறுத்த வேண்டும். எந்தச் செடியைப் பூக்கும் முன் எடுப்பது, எதைக் கிழங்கோடு தோண்டுவது, மண்ணைப் பிடித்து நிற்கிற எந்தச் சிறு செடியை விட்டுவைப்பது என்று தெரிவது தொழில். அந்தத் தொழில் நம் தாய்மார் கையில் இருக்கிறது. 2021 இல் 1,000 ரூபாய், 2024 இல் 1,350 ரூபாய் என்று நாட்சம்பளத்துக்கு வர்த்தமானி வந்தது. நாட்சம்பளம் எழுத்தில் கூடினால் போதுமா? நாள் கிடைக்க வேண்டாமா? கொழுந்து குறைந்த காலத்தில் ஒழுங்கான புல்லு வெட்டு ரவுண்ட் இருந்தால் அது நமக்கு வேலை நாள். கம்பெனிக்கும் அது நட்டம் இல்லை. தேயிலைக்குப் போட்ட பசளையைப் புல் தின்னாது, மண் ஆற்றோடு போகாது, வருகிற வருடம் புல் குறையும்.

சங்கம் வைக்க வேண்டிய கோரிக்கைகளாக நான் நினைப்பவை இவை.

ஒன்று: ஒவ்வொரு பெரிய மழைக்கும் முன்னால் நிர்வாகமும் தோட்டக் கமிட்டியும் உட்கார்ந்து, எந்த மலைக்கு எந்தக் கிழமை புல்லு வெட்டு என்று எழுத்தில் திகதி குறிக்க வேண்டும்.

இரண்டு: குறித்த திகதி தவறி, புல் பூத்து முற்றிய மலைக்குப் பழைய அளவைக் கேட்கக் கூடாது. நிர்வாகம் வளர்த்த புல்லுக்கு அரைப்பேர் போடுவது அநியாயம். அங்கே நாளுக்கு முழுப்பேர் வேண்டும்.

மூன்று: காடாகிப் போன மலைக்குள் பெண்களை அனுப்பும் முன், குளவிக்கூடு இருக்கிறதா என்று பார்த்து அகற்ற வேண்டும். அது நிர்வாகத்தின் வேலை.

நான்கு: மருந்தடிக்கிறவருக்குக் கையுறை, சப்பாத்து, முகமூடி, கழுவத் தண்ணீரும் சவர்க்காரமும் இல்லாமல் டேங்க் தூக்கச் சொல்லக் கூடாது. கர்ப்பிணித் தாய்மாரையும் பால் கொடுக்கும் தாய்மாரையும் அந்த மலைப் பக்கமே விடக் கூடாது.

ஐந்து: சுரண்டியை விட்டுக் கையால் பிடுங்கச் சொன்னால், அதற்கேற்ப அளவைக் குறைக்க வேண்டும். வேகமும் வேண்டும், மண்ணும் போகக் கூடாது என்றால் இரண்டும் நடக்காது.

இதெல்லாம் பேச்சுமேசையில் வெல்ல வேண்டும் என்றால் நம் கையில் ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் தலைவரோ, படித்த ஒரு பிள்ளையோ ஒரு கொப்பி போடுங்கள். மலை நம்பர், கடைசியாகப் புல்லு வெட்டிய திகதி, புல் பூவைப் பார்த்த திகதி, பெரட்டில் வேலை கொடுத்த திகதி, எத்தனை பேருக்கு அரைப்பேர், யாருக்காவது குளவி கொட்டியதா. இவ்வளவுதான். எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் பூவைப் பார்த்த திகதியை எழுத ஏற்கனவே தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு அது விஞ்ஞானப் பாடம். நமக்கு அது வழக்கு.

விடுமுறை முடிந்து தை மாதம் நான் மலைக்குத் திரும்பும்போது, இப்போது முளைத்து நிற்கும் புல் பூத்திருக்கும். வருகிற கமிட்டிக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். “அந்தப் புல்ல நாங்களா வளத்தோம்?” என்று கேட்ட அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் கேள்வியை இனி அவர் பாடசாலை வாசலில் நின்று என்னிடம் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய இடத்தில், கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நாம் எல்லாரும் சேர்ந்து கேட்போம்.

— தோட்டப் பாடசாலை ஆசிரியர், சங்க அமைப்பாளர்
கல்முனை